சண்டி 11 முதல் சுங்கை பத்து வரை: செய்தியில் வந்த வரலாற்றாய்வாளர்கள்

2013 டிசம்பர் தொடக்கத்தில் கெடாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பூஜாங் பள்ளத்தாக்கில் 'சண்டி 11' என்று குறிக்கப்பட்டிருந்த பழங்கோயிலின் எச்சத்தை, நில மேம்பாட்டு வேலையின்போது இயந்திரம் கொண்டு இடித்துவிட்டார்கள். இடிந்து சில காலம் ஆன பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. பழங்காலக் கோயிலை மலாய் மொழியில் சண்டி என்பார்கள். இது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது என்று சொல்லப்பட்டது.

அப்போது பினாங்கின் இரண்டாம் துணை முதல்வராக இருந்த பேராசிரியர் பி. இராமசாமி இதைப் பகிரங்கமாக எழுப்பினார். கடாரம் பற்றி நூல் எழுதிய டத்தோ வீ. நடராஜன் போன்றோரும் குரல் கொடுத்தார்கள். சில நாள்களுக்கு ஆய்வாளர்கள் செய்தியின் முதல் பக்கத்திற்கு வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் சுருக்கமானது: அது தனியார் நிலம்; அந்த இடம் பாரம்பரியத் தளமாக அரசிதழில் பதியப்படவில்லை.

இவ்வளவுக்கும் அந்த இடத்தை யாரும் அறியாமல் இல்லை. 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தம் மனைவி டோரதியுடன் இந்த வட்டாரத்தைத் தோண்டிப் பார்த்தார். கண்ட இடங்களுக்கு வரிசை எண் கொடுத்து 1940இல் அறிக்கையும் வெளியிட்டார். இன்றும் சண்டிகளை எண்ணைச் சொல்லி அழைப்பது அப்படி வந்த வழக்கம். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வேடுகளில் இருந்த ஒன்று அரசிதழில் ஏறவில்லை. மண்வாரி இயந்திரத்தின் முன்னால் இரண்டாவதற்குத்தான் பலம் உண்டு.

கடாரம் என்றால் கெடா என்று இன்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் ஒரு காலத்தில் அதுவே விவாதமாக இருந்தது. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடல் கடந்து வென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அதில் வரும் கடாரம் பர்மாவில் இருந்தது என்று தொடக்க கால ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். 1918இல் ஜார்ஜ் செதேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் ஸ்ரீவிஜயம் பற்றிய தம் கட்டுரையில் கல்வெட்டுகளையும் சீனக் குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் கெடா என்ற முடிவு வலுப்பெற்றது. பின்னர் நீலகண்ட சாஸ்திரியாரும் அதை ஏற்று எழுதினார். ஆகவே நாம் பெருமையோடு சொல்லும் ஊர்ப்பெயரே ஒரு பழைய கருத்தைத் திருத்தி வந்ததுதான்.

ஆய்வாளர் திருத்தினால் எல்லாரும் மகிழ்வார்கள் என்றும் சொல்ல முடியாது. 2012 ஜனவரியில் பேராசிரியர் டான்ஸ்ரீ கூ கே கிம், ஹங் துவா வாழ்ந்ததற்கு எழுத்துச் சான்று இல்லை என்றார். நாடு முழுக்க வாக்குவாதம் கிளம்பியது. ருக்குன் நெகாரா உருவாக்கத்தில் பங்கு பெற்றவர் அவர். அந்தப் பெயரும் அவரைக் கண்டனத்திலிருந்து காக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு பேராசிரியர் ஜைனால் கிலிங், மலாய் மாநிலங்கள் சட்டப்படி காலனிகள் அல்ல, பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தவை மட்டுமே என்று சொன்னபோதும் இதே கதைதான். உடன்படிக்கைத் தாளை வைத்துப் பார்த்தால் அந்த வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு சமயமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் ரெசிடெண்டின் 'ஆலோசனை'யைக் கேட்டு நடக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலியாக இங்கே வந்த நம் முன்னோர், தங்களை ஆண்டது யார் என்று கேட்டிருந்தால் எந்தத் தாளையும் புரட்டியிருக்க மாட்டார்கள்.

நமக்கு அண்மையில் நடப்பது சுங்கை பத்து விவாதம். மெர்போக் அருகே செம்பனைக்கு நடுவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு தோண்டிவருகிறது. இரும்பு உருக்கிய உலைகளும் களிமண் ஊதுகுழல்களும் செங்கல் கட்டுமானங்களும் வெளிப்பட்டன. முதலில் கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டு என்று வந்த செய்தி, போகப்போகக் கி.மு. 535 என்றும் கி.மு. 788 என்றும் பின்னுக்கு நகர்ந்தது. தென்கிழக்காசியாவின் மிகப் பழைய நாகரிகம் என்ற தலைப்புகள் வந்தன. புலனத்தில் அது இன்னும் சில நூற்றாண்டுகள் வளர்ந்திருக்கும்!

இந்த மிகப் பழைய ஆண்டுகளை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. காரணம் எளிது. கரித்துண்டைச் சோதித்தால் அந்த மரப்பகுதி வளர்ந்து முடிந்த காலம் தெரியும். உலை மூட்டிய நாள் தெரியாது. பெரிய மரத்தின் உள்வயிரம் எரிந்திருந்தால் கணக்கு நூறு, இருநூறு ஆண்டுகள்கூட முன்னே போகலாம். ஒரே ஒரு கரித்துண்டின் ஆண்டா, பல மாதிரிகள் ஒத்துப்போகும் ஆண்டா என்று பார்க்க வேண்டும். தலைப்பில் இது வராது, செய்தியின் கடைசிப் பத்தியில் வந்தால் உண்டு.

இரும்பு உருக்கியவர்கள் உள்ளூர் மக்களா, வந்து போன வணிகர்களா என்பது இன்னொரு சண்டை. உலை உள்ளூர்க்காரருடையது என்றால் நம் பெருமை குறைந்துவிடும் என்று சிலர் பதறுகிறார்கள். துறைமுகம் என்றால் பல பேர் வந்து போகும் இடம். மெர்போக் அருங்காட்சியகத்தில் இந்து, பௌத்தப் பொருள்கள் இரண்டும் இருக்கின்றன. 1834இல் செபராங் பிறையில் கிடைத்த புத்தகுப்தர் என்ற மாலுமியின் கல்வெட்டு இப்போது கொல்கத்தாவில் உள்ளது.

இந்த வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்வோருக்கு ஒரு தகவல். 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, பழம்பொருள் என்று நம்பத்தக்க ஒன்று மண்ணில் கிடைத்தால் உடனே பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். வாய்க்கால் வெட்டும்போது வழக்கமில்லாத செங்கல்லோ, கனமான கறுப்பு இரும்புக் கசடோ தட்டுப்பட்டால் இருந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.