நோய் தீர்க்கும் சின்னங்கள்

மிஷன் பாடசாலையொன்றில் நான் பயின்ற காலத்தில், என் நெற்றித் திருநீற்றைச் சுட்டி, "இந்தக் குறியில் அப்படி என்ன இருக்கிறது?" என்று ஆசிரியர் ஒருவர் வினவினார். விடை தெரியாது தலைகுனிந்து நின்றேன். அன்று சொல்லாத விடையைத் தேடியதன் பயனே இச்சிறு கட்டுரை.

குறிகளைக் கொண்டு பிணி தீர்க்க முனைவது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஜப்பானில் மிக்காவோ உசுயி என்பார் 1922ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் 'ரெய்க்கி' என்னும் முறையைப் போதிக்கத் தொடங்கினார். நோயாளியின்மேல் கைவைத்து உயிராற்றலைச் செலுத்துவதே அம்முறை என்பர். உசுயி 1926இல் மறைந்தபின், ஹவாய்த் தீவினரான ஹவாயோ தக்காதா அம்மையார் அதனை மேல்நாட்டார்க்கு அறிமுகஞ் செய்தார். அதில் வழங்கும் சின்னங்கள் நான்கு. ஒன்று ஆற்றலைப் பெருக்க. ஒன்று மனத்தை ஆற்ற. ஒன்று தொலைவிலுள்ளார்க்கு நலம் வேண்ட. மற்றொன்று 'பேரொளி' எனப் பொருள்படுவது, ஆசான் நிலையினர்க்கு உரியது.

மனத்தை ஆற்றும் சின்னம், 'சித்தம்' என்னும் பண்டை இந்திய எழுத்தில் வரைந்த பீஜாட்சரம் ஒன்றின் திரிபென்று கருதுவாருளர். சித்தம் பிராமியின் வழிவந்தது. நம் தமிழெழுத்துக்கும் மூலம் பிராமியே. அவ்வெழுத்துச் சென்ற பாதையில் நமது இலங்கையும் உண்டு! காஞ்சியில் வாழ்ந்த வச்சிரபோதி, இலங்கைக்கு வந்து, பின்னர் 720ஆம் ஆண்டளவில் சீனம் அடைந்தார். அவர் மாணாக்கர் அமோகவச்சிரர் 741இல் புறப்பட்டு இலங்கை வந்து, நூல்கள் பல பெற்று, 746இல் சீனம் மீண்டார். அவருடைய மாணாக்கரிடம் பயின்றவரே, 804இல் சீனம் சென்ற ஜப்பானியத் துறவி கூக்காய்.

நம் மரபை நோக்குவோம். திருமூலர் திருமந்திரத்தின் நான்காந் தந்திரத்தில் சக்கரங்கள் பலவற்றின் அமைப்பை விரித்துரைத்தார். சம்பந்தர் திருநீற்றால் பாண்டியனின் வெப்புநோய் தீர்த்த வரலாற்றைச் சேக்கிழார் பாடினார். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் கடல் கடந்த நம் முன்னோர், பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை மலைகளுக்குத் திருநீற்றையும் வேலையும் வேப்பிலையையும் உடன் கொணர்ந்தனர்.

அம்மை கண்ட லயத்து வாசலில் வேப்பிலை செருகுவர். அது அம்மனின் சின்னம். அயலார் உள்ளே வரவேண்டா என்னும் அறிவித்தலுமாம். ஆயினும் பெரியம்மையை உலகினின்று ஒழித்தது அம்மைப்பால் குத்தும் முறையே என்பதை நாம் மறத்தலாகாது. அந்நோய் ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. ரெய்க்கிச் சின்னங்களால் ஆற்றல் பாய்கிறதென்பதையும் விஞ்ஞானம் இன்னும் நிறுவவில்லை.

எனக்குச் சிறுவயதில் கடுங்காய்ச்சல் கண்டது. அப்பாயி என் நெற்றியில் நீறு பூசி, "முருகா" என்றார். அத்தோடு நில்லாமல், என்னைக் கம்பளியில் சுற்றி முதுகிற் சுமந்து, மழையில் மலையிறங்கி டிஸ்பென்சரிக்கு ஓடினார். நீறு அவருக்குத் துணிவு தந்தது. மருந்து எனக்கு உயிர் தந்தது. நீற்றோடு நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

இன்று அவ்வாசிரியரைக் காணின் பணிவுடன் விடை கூறுவேன்: "ஐயா, 1864இல் ஜெனீவாவில் நாடுகள் ஏற்ற செஞ்சிலுவையும் ஒரு குறிதானே! அது மருந்தன்று, உதவி வருகிறது என்னும் நம்பிக்கை. எங்கள் திருநீறும் அத்தகையதே."

வாலிப அன்பர்களே! நெற்றிக் குறிக்கு நாணவேண்டா. குறியை மருந்தென மயங்கவும் வேண்டா. பிணியுற்றார் வாசலுக்கு நீறேந்திச் செல்வோம். வைத்தியசாலைவரை அவரைத் தோளிலும் சுமப்போம்.