எந்தத் துறையில் இறங்குவது?

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் எந்த விமான நிறுவனத்தில் வருவது என்று ஆராய்வதை நாம் முற்றிலும் இக்காலத்துக்குரிய கவலையாகவே எண்ணுகிறோம். கட்டணம், இருக்கையின் அகலம், கொண்டுவர அனுமதிக்கும் சுமை, இடையில் காத்திருக்க வேண்டிய நேரம் என்று அதற்கொரு கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறும் இருக்கிறது. அதை நிதானமாகத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பயணி தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்வது வாகனத்தை. உண்மையில் தேர்வாவது அவர் வந்திறங்கும் துறை. அந்தத் துறை எது என்பதை, அவர் பெட்டி கட்டத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, அரசுகள் தமக்குள் பேசி முடித்திருக்கின்றன.

ஆனைமலைப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆழியாற்றுப் பாசனத்தில் தென்னையும் நெல்லும் விளையும் இந்த ஊருக்குக் கடலும் இல்லை, பெருநகரமும் அருகில் இல்லை. வடக்கே சென்றால் பீளமேட்டு விமான நிலையம். மேற்கே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து திருச்சூர் வழியாகச் சென்றால் நெடும்பாசேரி. எங்கள் பகுதியில் இழவு வீட்டுக்குப் போகிறவர்கள், அந்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்றால், முதலில் கேட்பது இதைத்தான்: "பையன் எப்பங்க வந்து எறங்குறான்? கோயமுத்தூர்லயா, கொச்சியிலயா?" எந்த விமானத்தில் வருகிறான் என்று யாரும் கேட்பதில்லை. இறங்கும் துறையைக் கொண்டுதான் எடுப்பதற்கான நேரம் குறிக்கப்படுகிறது.

கப்பல்களின் காலத்தில் இந்தத் தேர்வு மிக எளிதாக இருந்தது, ஏனென்றால் தேர்வே இல்லை. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழர்கள் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறினார்கள்; திரும்பும்போதும் அவ்விரண்டில் ஒன்றில்தான் இறங்கினார்கள். அந்தத் தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் ஆதிக்கமே நெடுங்காலம் நிலவியது. அதன் புகழ்பெற்ற கப்பலான ரஜூலா 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. தொடக்கத்தில் ஐயாயிரம் வரையிலான மேல்தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அறை எடுக்க வசதியுள்ளவர் அறை எடுத்தார். ஏனையோர் தகரப் பெட்டியும் பாயுமாக மேல்தளத்தில் இடம் பிடித்தார்கள். பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது; கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; படகில் இறங்கிக் கரை சேர வேண்டும். கொங்கு நாட்டுக்காரருக்கு அதன்பின் ரயில் பயணம் மிச்சமிருந்தது. திருச்சி, ஈரோடு வழியாகப் போத்தனூர், அங்கிருந்து பொள்ளாச்சி. 1932-இல் பொள்ளாச்சி–பாலக்காடு பாதை திறக்கப்பட்டபின் 'ஆனைமலை ரோடு' என்றொரு நிலையமும் கிடைத்தது. பெயரில் ரோடு என்றிருப்பதற்கேற்ப, அங்கிறங்கி ஊருக்குத் தனியாகப் போகவேண்டும்.

அந்த ஒற்றைத் தடமும் அடைபட்ட காலம் ஒன்றுண்டு. 1941 இறுதியில் ஜப்பானியப் படைகள் மலேயாவில் இறங்கியதிலிருந்து 1945-இல் போர் முடியும்வரை அக்கரைத் தமிழர்களுக்கு ஊர் என்பது நினைவில் மட்டுமே இருந்தது. ரஜூலா படைவீரர்களைச் சுமக்கப் போய்விட்டது. 1938-இல் மேடானுக்குப் போன ப. சிங்காரம் அந்தக் காலத்தை அங்கேயே வாழ்ந்தார். 1972-இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யை வீரசாகசக் கதையாகவும் தத்துவ நாவலாகவும் வாசித்திருக்கிறோம். ஊருக்குக் கப்பல் இல்லாத மனிதர்களின் கதையாகவும் அதை வாசிக்க இடமிருக்கிறது.

திரும்பிவரும் வழி மூடப்படுவது ஒரு துயரம் என்றால், திரும்பு என்று கட்டளையிடப்படுவது இன்னொரு துயரம். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அவர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்திறங்கிய அவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பார்த்திராத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று அந்தப் பெயரை இட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு வேலை தருவதற்காக உருவான அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியிலும், ஆனைமலைக்கு மேலே வால்பாறையிலும் இருக்கின்றன. கொழுந்து பறிக்கும் வேலை மாறவில்லை. மலை மட்டும் மாறியது. ஊர் திரும்பும் பயணங்களின் வரலாற்றில் தேர்வு என்ற சொல்லுக்குச் சிறிதும் இடமில்லாத அத்தியாயம் அது.

வானத்தின் வழியாக முதலில் ஊருக்கு வந்தவை கடிதங்கள். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த சிறுவிமானத்தில் இருந்தது தபால்தான். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். லண்டனிலிருந்து கராச்சிவரை இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்த தபாலுக்கு இது தொடர்ச்சி. ஒரு நிறுவனம் பாதி தூரம், இன்னொரு நிறுவனம் மீதி தூரம் என்ற இன்றைய ஏற்பாட்டின் வித்து அதிலேயே இருக்கிறது. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. 1953-இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமை ஆயின. 1954-இல் ஏர் இந்தியா சிங்கப்பூருக்கும் போயிற்று. ஆயினும் தோட்டத் தொழிலாளிக்கும் சிறுகடைக்காரருக்கும் விமானக் கட்டணம் எட்டாததாகவே இருந்தது. ரஜூலா 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. அதன் தடத்தில் பின்னர் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985-இல் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஏழைக்கும் விமானம் ஒன்றே வழியாயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். அமெரிக்காவில் இருக்கும் தமிழர் ஊருக்கு வர, அமெரிக்க விமானமும் இந்திய விமானமும் அல்லாத மூன்றாவது நாட்டு விமானம் எப்படி முதன்மையான வழி ஆயிற்று? விடை 1944-இல் சிகாகோவில் உலக நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையில் தொடங்குகிறது. ஒரு நாட்டின் வான்வெளி அந்த நாட்டுக்கே உரியது, அதில் யார் பறந்துவந்து ஆளேற்றலாம் என்பதை இவ்விரண்டு நாடுகளாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதிலிருந்து நிலைபெற்ற வழக்கம். எங்கள் பக்கத்துப் பேருந்து முதலாளிகளுக்கு இது உடனே புரியும். தடத்துக்குப் பெர்மிட் இல்லாமல் பேருந்து ஓடாது. பொள்ளாச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒருவரிடம் கோவை–பொள்ளாச்சித் தடத்துக்கும் பொள்ளாச்சி–வால்பாறைத் தடத்துக்கும் பெர்மிட் இருந்தால், கோவைக்காரரை வால்பாறையில் கொண்டுபோய் இறக்க அவருக்குப் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. இரண்டு தடங்களைத் தம் வாசலில் முடிச்சிட்டுக்கொண்டால் போதும். வான்போக்குவரத்தில் இதை 'ஆறாவது சுதந்திரம்' என்பார்கள்.

இந்த முடிச்சைப் போடும் கட்டாயம் முதலில் யாருக்கு இருந்தது என்பதுதான் சுவையானது. 1972-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் தம் கூட்டு விமான நிறுவனத்தைப் பிரித்துக்கொண்டபோது, உள்நாட்டில் பறக்க இன்னொரு ஊர்கூட இல்லாத நிறுவனமாகச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஞ்சியது. அயலாரை அயலூர்களுக்குக் கொண்டுசெல்வதைத் தவிர அதற்குப் பிழைக்க வழியில்லை. 1985-இல் துபாயில் எமிரேட்ஸ் இரண்டு குத்தகை விமானங்களோடு தொடங்கியபோதும் நிலைமை அதுதான். அதன் முதல் பயணங்கள் கராச்சிக்கும் பம்பாய்க்கும். நெடுந்தூரம் நில்லாமல் பறக்கும் விமானங்கள் வந்தபின், 2004-இல் நியூயார்க்குக்கும் 2008-இல் சான்பிரான்சிஸ்கோவுக்கும் துபாயிலிருந்து நேரடியாகப் பறந்தார்கள். ஆக, நாம் தேர்ந்தெடுத்தது சிறிய நாடுகளின் பெரிய அவசியத்தை. அந்தத் தேர்வுக்கு எல்லை வகுத்தது நம் அரசு வழங்கிய இருக்கைக் கணக்கு. 2014-இல் துபாயோடு செய்த திருத்தத்தில் அது வாரத்துக்கு 65,000 இருக்கைகளை ஒட்டி உயர்த்தப்பட்டது. இறங்கும் ஊர்களின் பட்டியலும் இத்தகைய பேச்சுவார்த்தைகளில்தான் முடிவாகிறது. அதில் கோவையையும் சேர்க்க வேண்டும் என்று கோவைத் தொழில் அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதன் பொருள் இதுவே.

இதைச் சொல்லும்போது நம்முடைய விமானத்தை மறந்துவிடக் கூடாது என்ற குரலும் நியாயமானது. 1990-இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, ஜோர்டானின் அம்மானிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை 488 பறப்புகளில் பம்பாய்க்குக் கொண்டுவந்தது ஏர் இந்தியா. இலாப நட்டம் பார்க்கும் அயல்நாட்டு நிறுவனம் எதையும் அத்தகைய வேலைக்கு அழைக்க முடியாது. 2022 ஜனவரியில் அந்த நிறுவனம் மீண்டும் டாட்டா குழுமத்திடம் போனபோது பலர் நிம்மதியடைந்தார்கள். சிலர் அடுத்த குவைத்துக்கு யார் போவார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை உணர்ச்சிவசப்பட்டது என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அதேசமயம், ஆண்டுதோறும் பம்பாயில் நள்ளிரவில் இறங்கி, சகார் முனையத்திலிருந்து சாந்தாகுரூஸ் முனையத்துக்குப் பெட்டிகளோடு இடம்மாறி, விடியும்வரை உட்கார்ந்திருந்து கோவை விமானம் பிடித்த ஒரு தலைமுறையின் களைப்பையும் தேசப்பற்றைக் கொண்டு ஈடுசெய்துவிட முடியாது.

அந்தக் களைப்புக்கு ஒரு விதி காரணம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பொதுவாக இந்தியாவில் முதலில் தொடும் துறையிலேயே குடியேற்றச் சோதனையையும் சுங்கத்தையும் முடித்துப் பெட்டியை எடுத்தாக வேண்டும். பம்பாயிலோ சென்னையிலோ இறங்கினால் அங்கே பாதிப் பயணம் அறுபடும். சிங்கப்பூர் வழியாகவோ சார்ஜா வழியாகவோ நேரே கோவைக்கு வந்தால் பெட்டி கோவையில் கைக்கு வரும். 1940-இல் திறக்கப்பட்ட பீளமேட்டு நிலையத்துக்கு 1990-களின் நடுவில் சார்ஜா விமானமும், 2000-களின் பிற்பகுதியில் சிங்கப்பூர் விமானமும் வந்தபோது, கொங்கு நாட்டுக்கு முதன்முறையாகத் தனக்கென ஒரு துறை கிடைத்தது. பன்னாட்டு நிலையம் என்ற தகுதி 2012-இல் கிடைத்தது. பெரிய விமானங்கள் இறங்க ஓடுதளத்தை நீட்டுவதற்கான நில எடுப்போ ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

மலைக்கு அப்பால் வேறொன்று நடந்தது. நெடும்பாசேரியில் 1999-இல் திறக்கப்பட்ட கொச்சி விமான நிலையம், அரசு மட்டும் பணம் போட்டுக் கட்டியதன்று. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வாழ்ந்த ஏறத்தாழ பத்தாயிரம் மலையாளிகளின் பணமும் அதில் இருக்கிறது. தாம் இறங்க வேண்டிய துறையைத் தாமே கட்டிக்கொண்டார்கள். விமானத்தைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும் மேலான தேர்வு அது. 2021-இல் குதிரான் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் ஆனைமலையிலிருந்து நெடும்பாசேரிக்குச் செல்லும் வழி மேலும் எளிதாயிற்று. நம் பிள்ளைகளும் அதன் பலனை அனுபவிக்கிறார்கள். மலையாளிகள் செய்ததைச் செய்யும் வசதி கொங்கு நாட்டின் நூற்பாலைகளுக்கும் பம்புசெட்டுத் தொழிலுக்கும் இல்லாமல் இல்லை. அப்படியொரு எண்ணம் மட்டும் ஏன் எழவில்லை என்பது தனியே எழுதப்பட வேண்டிய சமூக வரலாறு.

இன்று தேர்வதற்கு உட்காருகிறவர் இதையெல்லாம் நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய கணக்குகள் இந்த வரலாற்றின் கணக்குகள்தான். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போன தாயாரைத் தனியே அனுப்புகிற மகள், கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை இடத்தில் விமானம் மாற வேண்டும் என்று பார்க்கிறாள். நடக்கத் தெம்புள்ள அம்மாவுக்கும் சக்கர நாற்காலி கேட்டுப் பதிகிறாள். ஆங்கிலம் தெரியாத அந்த அம்மாவைக் கைமாற்றிக் கைமாற்றிச் சரியான வாசலில் சேர்ப்பதற்கு அதைவிட உறுதியான ஏற்பாடு இல்லை. இரண்டு நிறுவனங்களில் தனித்தனியே சீட்டு வாங்கினால் மலிவு. ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. ஒரே சீட்டாக வாங்கினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் கடமை அவர்களுடையது. விலை வேறுபாட்டில் ஒரு பகுதி இந்த உறுதிக்காகத்தான்.

ஆனால் நள்ளிரவில் ஊரிலிருந்து அழைப்பு வருகிறபோது இந்தக் கணக்குகள் எல்லாம் விழுந்துவிடுகின்றன. குளிர்பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது, பங்காளிகள் வந்துவிட்டார்கள், பையன் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். கப்பல் காலத்தில் இந்தக் காத்திருப்பே கிடையாது. தந்தி போய்ச் சேரும்போது இங்கே காரியம் முடிந்திருக்கும். அக்கரையில் இருந்தவர் அங்கேயே தலைமுழுகினார். அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்பது விமானங்கள் நமக்குத் தந்த புதிய உரிமை. பார்க்காமல் போனால் வாழ்நாள் முழுக்க உறுத்தும் என்ற புதிய பயத்தையும் அவையே தந்தன. அந்த இரவில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மகன் தேடுவது நல்ல விமானத்தை அல்ல. தன் ஊருக்கு மிக அருகில், மிக விரைவில், எந்தத் துறையில் தன்னை இறக்கிவிடுவார்கள் என்பதைத்தான். அது கோவையா, கொச்சியா, சென்னையா என்பதை எங்கோ ஒரு மேசையில் இரண்டு அரசுகளின் அதிகாரிகள் இருக்கைகளை எண்ணித் தீர்மானித்திருக்கிறார்கள். ஆனைமலையில் இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நேரம் கேட்கிற பெரியவர்களுக்கு அந்த அதிகாரிகளைத் தெரியாது. காத்திருப்பது மட்டும் அவர்களுடைய பங்காக இருக்கிறது.