வெயிலுக்குப் பழகும் உடல்

ஆயர் தாவார் என்னும் ஊர்ப்பெயருக்கு மலாய் மொழியில் உப்பில்லா நன்னீர் என்று பொருள். உப்புக்கும் நீருக்கும் உழைப்பவன் உடலுக்கும் உள்ள தொடர்பை ஆராயப் புகுவார்க்கு இப்பெயர் நல்ல தொடக்கமாகும்.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, இருள் பிரியுமுன் நிரைக்குச் சென்றனர். குளிர்ந்த வேளையில் மரம் பால் மிகுதியாகத் தரும் என்பதே இதற்குக் காரணம். மரத்தை எண்ணி வகுத்த இவ்வழக்கம், பால் வெட்டுவோரையும் உச்சி வெயிலினின்று ஓரளவு காத்தது. புல் வெட்டிய வெளிக்காட்டு வேலைக்காரர்க்கோ அப்பேறு கிட்டவில்லை. வெப்ப நாட்டான் வெயிலைத் தாங்கவே பிறந்தவன் என்னும் எண்ணம் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் வேரூன்றியிருந்தது. அஃது உண்மையா?

விடை தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. அங்கு உழைத்தவருள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். எனினும் 1924 முதல் அச்சுரங்கங்களில் வெப்பத் தாக்கால் மரணங்கள் நேர்ந்தன. புதியவர்களைச் சூடும் ஈரமும் மிக்க இடத்தில் சோதித்துப் படிப்படியாகப் பழக்கும் முறையை டிரியோஸ்டி என்னும் மருத்துவர் 1935இல் விளக்கினார். வெப்பக் கண்டத்தில் பிறந்தவனாயினும் பழகாத உடலோடு இறங்கினால் வீழ்வான் என்பது தெளிவாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பிரிட்டிஷ் கடற்படையின் வெப்பமண்டல ஆராய்ச்சிப் பிரிவு சிங்கப்பூரில் இளம் மாலுமிகளைக் கொண்டு இதே பொருளை ஆராய்ந்தது. குளிர்நாட்டாரும் ஈர வெப்பத்துக்குப் பழக முடிந்தது. எனவே தாங்கும் திறன் பெரும்பாலும் பயிற்சியால் வருவது. பிறப்பால் மட்டும் வருவதன்று.

நாள்தோறும் வெப்பத்தில் அளவாக உழைத்தால் ஏழு முதல் பதினான்கு நாளில் உடல் மாறுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இதயத் துடிப்புத் தணிகிறது. வியர்வை விரைவிலும் மிகுதியாகவும் சுரக்கிறது. அதில் உப்போ குறைகிறது. பழகியவனுக்கும் தண்ணீர் இன்றியமையாதது. வியர்வை கூடுதலால் தேவையும் கூடும். சில வாரங்கள் வெயிலை விட்டு விலகினால் இத்திறன் தேய்ந்துவிடும்.

இன்று ரப்பர் நிரைகள் பல செம்பனைக் காடுகளாகிவிட்டன; அவற்றில் உழைப்போர் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். புதியவனுக்கு முதல் நாள் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேலை கொடுத்து, நாளுக்கு அவ்வளவே கூட்டுக என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் அறிவுரை. விளையாட்டுப் போட்டிக்கு மாணவரை ஆயத்தம் செய்வோரும் இப்படிமுறையை மனத்திற் கொள்ளவேண்டும். 'அவன் தாங்குவான்' என்று பிறப்பைக் காட்டிச் சொன்ன காலம் போகட்டும், 'அவன் பழகிவிட்டானா?' என்று கேட்பதே அறிவுடைமை.