கண்டி நாட்டு வீட்டு வாசல்

கண்டி மாநகரை விட்டுப் பேராதனைப் பக்கமாகவோ குண்டசாலைப் பக்கமாகவோ சிறிது தூரம் செல்வோர் வீதியோரத்துச் சிறு வீடுகளில் ஒரு காட்சியைக் காண்பர். கூரை தகரமாயிருக்கும். பக்கச் சுவர்களிற் பூச்சு இன்றிச் செங்கல் தெரியும். ஆயினும் வாசலைச் சூழ்ந்த முன்சுவர் மட்டும் வெள்ளையாகத் துலங்கும். கதவு நிலைக்குப் பச்சையோ நீலமோ தீட்டியிருப்பர். சுவரடியில் ஒரு முழ உயரத்திற்குக் காவிப் பட்டை ஓடும். வீடு முழுவதையும் சீர்செய்யப் பொருள் போதாதவிடத்து வாசலையாவது சீர்செய்வோம் என்பது ஏழைக் குடும்பங்களின் பழைய கணக்கு. மிகச் சாதாரணமான காரியமாகவே இது நமக்குத் தோன்றுகின்றது. ஆனால் இதே மலைநாட்டில், ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், குடியானவன் ஒருவன் தன் முன்சுவரிற் சுண்ணாம்பு பூசியிருப்பானாயின், அவன் தலைக்கே ஆபத்து நேர்ந்திருக்கும்.

இதனை நமக்கு அறிவித்தவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டில் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிற் கரையிறங்கிய கப்பலோட்டிகளுள் ஒருவராகிய அவர், தம் தந்தையாருடன் பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்தினுள் கொண்டு செல்லப்பட்டார். தந்தையார் அடுத்த ஆண்டே இறந்தார். மைந்தரோ பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊர் விட்டு ஊர் மாற்றப்பட்டு, தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்தும் காலங்கழித்தார். 1679இல் தப்பியோடி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், அரசர் வரலாற்றைக் காட்டிலும் அடுப்பங்கரை வரலாற்றையே நன்கு சொல்வது. குடிகளின் வீடு எப்படியிருந்தது, அவர்கள் எதன்மேல் அமர்ந்தனர், எதனால் சுவரை மெழுகினர் என்பனவற்றையெல்லாம் அவர் கூர்ந்து நோக்கி எழுதினார்.

சிறைப்பட்ட காலத்தில் நொக்ஸ் தமக்கென ஒரு புது வீடு கட்டினார். கட்டி முடிந்ததும் தம் நாட்டு வழக்கப்படி அதற்குச் சுண்ணாம்பால் வெள்ளையடித்தார். அயலார் திடுக்கிட்டனர். அரசனுடைய மாளிகைக்கும் தெய்வங்களின் கோயிலுக்குமன்றி வேறெந்தக் கட்டடத்திற்கும் சுண்ணாம்பு பூசுதல் மரணதண்டனைக்குரிய குற்றமாம். அறியாது செய்த அந்நியன் என்று கருதியதனால் அவரை ஒன்றும் செய்யாது விட்டனர். அந்நாட்டவன் ஒருவன் செய்திருந்தால் தலை போயிருக்கும், அன்றேல் பெருந்தண்டமாவது இறுக்க நேர்ந்திருக்கும் என்று அவரே பின்னர் எழுதுகின்றார். மேல்மாடி கட்டுதலும் ஓடு வேய்தலும் குடிகளுக்கு அவ்வாறே விலக்கப்பட்டிருந்தன.

சுண்ணாம்பு கிடைத்தற்கரிய பொருளாயிருந்ததனால் இவ்விலக்கு எழுந்தது என்று எண்ணுதல் பொருந்தாது. மாத்தளையிலும் திகனைப் பக்கத்திலும் சுண்ணக்கல்லின் இனமான தொலமைற்றுக் கல் மலிந்து கிடக்கின்றது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எல்லோர் கையிலும் இருந்தது. வாயிற் சிவக்கலாம், சுவரில் வெளுக்கக்கூடாது என்பதே சட்டம். பச்சை மலைச்சாரலில் தொலைவிலிருந்து ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தால், அது அரசனுடையது அல்லது தெய்வத்தினுடையது என்று வழிப்போக்கன் அறிந்துகொள்ள வேண்டும். வெண்மை அங்கே அழகுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அதிகாரத்தின் முத்திரையாகவும் இருந்தது.

அப்படியானால் குடிகள் என் செய்தனர்? கம்பும் வரிச்சும் கட்டி மண் அப்பிய சிறு குடில்களே அவர்களுடைய வீடுகள். கூரை வைக்கோலால் வேய்ந்தது. ஆனால் அம்மண்சுவர்கள் மிகவும் வழவழப்பாக்கப்பட்டிருந்தன என்று நொக்ஸ் வியக்கின்றார். சுவரையொட்டி, சிங்களத்தில் ‘பில’ எனப்படும் மண் திண்ணை இருந்தது. அதனை அடிக்கடி சாணத்தால் மெழுகித் தூய்மையாக வைத்திருந்தனர். தமிழகத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் அன்று அங்கு வந்திருப்பாராயின் தம் வீட்டுத் திண்ணையையே கண்டதாக எண்ணியிருப்பார். வெண்மைக்கும் அவர்கள் ஒரு வழி கண்டனர். சுண்ணாம்பையொத்த வெண்ணிறக் களிமண் மலைநாட்டிற் கிடைத்தது. சிங்களத்தில் ‘மகுளு’ என்று அதற்குப் பெயர். அதனை நீரிற் கரைத்துச் சுவரிற் பூசினர். சட்டம் சுண்ணாம்பைத் தடுத்தது, களிமண்ணைத் தடுக்கவில்லை. இந்தச் சந்து வழியே குடியானவன் தன் வாசலுக்கு வெளிச்சம் கொண்டுவந்தான். சட்டம் இயற்றியோர் இதனைக் கண்டுகொள்ளாது விட்டனரா, கண்டும் சிரித்துக்கொண்டு இருந்தனரா என்று கேட்கத் தோன்றுகின்றது.

எனினும் இரண்டு வெண்மையும் ஒன்றல்ல. சுண்ணக்கல்லைச் சூளையிலிட்டு எரிக்கும்போது அதிலுள்ள கரியமில வாயு நீங்குகின்றது. எஞ்சிய நீற்றுக்கல்லில் நீர் ஊற்றினால் அது சீறிப் பொங்கிப் பொடியாகின்றது. அதனைக் கரைத்துச் சுவரிற் பூசியபின், காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிவிடுகின்றது. எனவே சுண்ணாம்புப் பூச்சு என்பது சுவர்மீது படிந்த மெல்லிய கல்லேயாம். களிமண்ணோ அவ்வாறு இறுகுவதில்லை. சாரல் அடித்தால் கரையும், கை பட்டால் உதிரும். அரசனின் வெண்மை தானே நின்றது. குடியானவனின் வெண்மை ஒவ்வொரு மாரியின் பின்னும் மீண்டும் கையால் இடப்பட வேண்டியதாயிற்று. ஆண்டுதோறும் சித்திரைப் புத்தாண்டிற்கு முன் வீட்டை மெழுகி வெள்ளை பூசும் வழக்கம் மலைநாட்டில் இத்துணை ஆழமாக வேரூன்றியமைக்கு அதுவும் ஒரு காரணம் என்று கொள்ள இடமுண்டு.

அரசனும் கோயிலும் தமக்கென வைத்துக்கொண்ட வாசல்கள் எத்தகையன என்பதையும் பார்த்தல் வேண்டும். கண்டிக்கு மேற்கே, 1344இல் எழுந்த இலங்காதிலக விகாரை குன்றின்மேல் வெண்ணிறமாய் நிற்கின்றது. அதன் பாறைச் சாசனங்களில் தமிழ்ச் சாசனமும் உண்டு. அதே ஆண்டில் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கல்லிற் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர். இத்தகைய கோயில்களின் வாசல்மேல் மகர தோரணம் வளையும். நிலையைச் சுற்றி, சிங்களக் கலைஞர் ‘லியவெல’ என்னும் கொடிக்கோலமும் தாமரையிதழ் வரிசையும் ஓடும். மதுரை நாயக்கர் உறவினராய் வந்து 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில் இக்கலை மறுமலர்ச்சி பெற்றது. தெகல்தொருவ குகைவிகாரையின் ஓவியங்கள் அதற்குச் சான்று.

இவ்வோவியர்கள் என்ன வண்ணங்களைக் கையாண்டனர் என்பதை ஆராய்ந்து எழுதியவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. நிலவியல் ஆராய்ச்சிக்காக மலைநாடெங்கும் அலைந்த அவர், கல்லைத் தேடிச் சென்ற இடத்திற் கலையைக் கண்டார். 1908இல் வெளியான அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், கண்டிக் கைவினைஞரின் பட்டறைகளை நேரிற் கண்டு எழுதப்பட்டது. சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், நீலத்திற்கு அவுரி ஆகியவற்றை அவர்கள் பயன்படுத்தினர். கருமைக்குப் பலாப்பால், எண்ணெய், பழந்துணி முதலியவற்றை எரித்துப் பிடித்த புகைக்கரி பயன்பட்டது. வெண்மைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது எது? அதே மகுளு மண். குடியானவன் சுண்ணாம்புக்குப் பதிலாகத் தன் சுவரிற் பூசிய பொருளையே ஓவியன் கோயிற் சுவரிற் புத்தர் வரலாற்றிற்கு நிறமாக வைத்தான். பரும்படி வேலைக்குத் தாழை விழுதின் நுனியைத் தட்டிச் செய்த தூரிகை போதும். சாதிலிங்கமும் அரிதாரமும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. கரியும் களிமண்ணும் தாழை விழுதும் கை நீட்டினால் கிடைப்பவை.

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அரசனே இல்லாதபோது அரசனுக்குரிய வெண்மை மட்டும் எப்படி நிற்கும்? கொழும்பிலிருந்து பெருந்தெரு வந்தது. 1867இல் புகையிரதமும் கண்டியை எட்டியது. ஓடும் சுண்ணாம்பும் தகர டப்பியில் அடைத்த எண்ணெய் வர்ணமும் கடைத்தெருவில் விலைக்குக் கிடைத்தன. பழைய பிரபுக்களின் வளவுகள் மட்டுமன்றிக் கடைக்காரரின் வீடும் வெள்ளையாயிற்று.

ஆனால் வேறொரு கூட்டத்தாருக்கு வெண்மை வேறு வகையில் வந்தது. கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர் பரவியபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். அவர்கள் குடியிருந்தது லயங்களில். ஒரே நீண்ட கூரையின் கீழ்ப் பத்தோ பன்னிரண்டோ காம்பராக்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. லயத்திற்குச் சுண்ணாம்பு அடித்தது தோட்டம். அங்கே வெள்ளை நிறம் குடியிருப்பவரின் உரிமையைக் காட்டவில்லை. கட்டடம் எவருடையது என்பதையே காட்டியது. ஒரு வாசலுக்கும் மறு வாசலுக்கும் வேறுபாடு தெரியாது. நொக்ஸின் காலத்துக் குடியானவனுக்குச் சுண்ணாம்பு மறுக்கப்பட்டது. இவர்களுக்குச் சுண்ணாம்பு கிடைத்தது, வீடு மறுக்கப்பட்டது.

ஆயினும் வாசலை அவர்கள் விட்டுவிடவில்லை. தைப்பொங்கல் நெருங்கும்போது இஸ்தோப்பு சாணத்தால் மெழுகப்படும். சுவரடியிலும் படியிலும் காவி தீட்டப்படும். நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, மேலே மாவிலை கட்டி, முன்னே மாக்கோலம் இடுவர். மீந்த சுண்ணாம்பு கிடைத்தால் இரவிலே ஊறவைத்து, துணிக்குப் போடும் நீலம் சிறிது கலந்து, பிடிமானத்திற்குக் கஞ்சித் தண்ணீரும் சேர்த்து வாசலுக்கு மட்டும் இன்னொரு பூச்சு கொடுப்பர். நீலம் கலந்த வெள்ளை கண்ணுக்கு அதிக வெள்ளையாகத் தோன்றும். ஓரத்திற் காவிக் கோடு ஓடினால் பின்னும் எடுப்பாயிருக்கும். சில சதம் செலவில் ஆகும் வேலை இது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவிற்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று வகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதி பின்னர் முடிவு செய்யப்படுமாறு விடப்பட்டது. அடுத்த பொங்கலுக்கு இந்தக் காம்பராவில் இருப்போமா, தலைமன்னாரிற் கப்பலேறியிருப்போமா என்று அறியாத குடும்பங்கள் பல. அவ்வாண்டுகளிலும் தை பிறக்குமுன் படிகளுக்குக் காவி தீட்டப்பட்டது.

நாடற்றோராக எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிற் பழைய லயங்கள் இன்னும் பல உள்ளன. ஆனால் பல இடங்களில் அவை ஒரே வெள்ளையாக இல்லை. ஒரு வாசல் இளநீலம், அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது இளஞ்சிவப்பு. ஒரு நிறம் முடிந்து மறு நிறம் தொடங்குமிடத்திற் சுவரில் நூல் பிடித்தாற்போல் ஒரு நேர்கோடு. எதிர்க் குன்றிலிருந்து நோக்குவோர் அக்கோடுகளை எண்ணியே அந்த லயத்தில் எத்தனை வீடுகள் உண்டென்று சொல்லிவிடலாம்.