பூஸ்டர் ஆசனமும் குழந்தையின் பக்குவமும்

பூஸ்டர் ஆசனம் என்பது, மோட்டார் வண்டியின் பின்னிருக்கையில் குழந்தையைச் சற்றே உயர்த்தி அமர்த்தி, பெரியவர்களின் உடலளவைக் கருதி அமைக்கப்பட்ட சீட் பெல்ட் அக்குழந்தையின் உடம்பிலும் உரிய இடங்களில் படிந்து நிற்கும்படி செய்கின்ற துணைக் கருவியாகும். குழந்தையைப் பிணைக்கும் வார் எதுவும் அதற்கெனத் தனியே இல்லை. விபத்து நேரும் கணத்தில் குழந்தையைத் தாங்கிப் பிடிப்பது வண்டியின் பட்டையே. தோள், மார்பு, இடுப்பு ஆகிய வலிய எலும்புப் பகுதிகளின்மேல் அப்பட்டையைக் கொண்டு சேர்ப்பதொன்றே பூஸ்டரின் தொழில். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், ஒரு குழந்தையை எப்போது அதில் அமர்த்தலாம், எப்போது அதனை விட்டு இறக்கலாம் என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண்பது பெரிதும் எளிதாகிவிடும்.

வண்டியில் குழந்தையைக் காக்கும் முறையில் படிகள் நான்கு உள்ளன. சிசுப் பருவத்தில் வண்டியின் பின்புறத்தை நோக்கி அமர்த்தும் ஆசனம், அதன்பின் இரு தோள்களையும் இடுப்பின் இருபுறங்களையும் கால்களின் இடையையும் பற்றும் ஐந்து முனைப் பட்டையோடு முன்னோக்கி அமர்த்தும் ஆசனம், மூன்றாவது பூஸ்டர், நான்காவது துணையின்றிப் பெரியவர் பட்டை. இவற்றில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்லுந்தோறும் குழந்தை பெற்றுவந்த பாதுகாப்பு ஓரளவு குறைகின்றது என்பதைப் பெற்றோரிற் பலர் அறிவதில்லை. பிள்ளை பெரியவனாகிவிட்டான் என்னும் பெருமிதத்தோடு அவர்கள் படி ஏற்ற விரைகின்றனர். பிள்ளையும் அண்டை வீட்டுத் தோழன் சாதாரணமாக உட்கார்ந்து செல்வதைக் கண்டு, தனக்கு மட்டும் குழந்தை ஆசனமா என்று வெட்கப்படுகின்றான். இவ்விரு உணர்ச்சிகளும் இயல்பானவையே. ஆனால் இத்தீர்மானத்தில் அவற்றுக்கு இடமளிப்பது தகாது. இருக்கும் படியில் எவ்வளவு காலம் இருக்க இயலுமோ அவ்வளவு காலம் இருத்துவதே இத்துறை வல்லுநர் அனைவரும் ஒருமுகமாகக் கூறும் நெறி.

குழந்தைக்கு இத்தகைய துணை ஏன் வேண்டும் என்பதைச் சரீர அமைப்பைக் கொண்டே விளக்க வேண்டும். வளர்ந்த மனிதனின் இடுப்பெலும்பு முன்பக்கத்தில் இருபுறமும் புடைத்து நிற்கின்றது. வண்டி மோதும்போது மடிமீதுள்ள பட்டை அப்புடைப்புகளின் கீழே சிக்கி நின்று, உடலின் வேகம் முழுவதையும் எலும்பின்மீது ஏற்றுக்கொள்கின்றது. சிறு குழந்தையின் இடுப்பெலும்பில் அந்தப் புடைப்பு இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. அரைஞாண் கயிற்றின் துணையில்லாமல் சிறுவனின் கால்சட்டை இடுப்பில் நில்லாது நழுவுவதற்கு எது காரணமோ, அதுவே பட்டையும் அங்கு நில்லாமைக்குக் காரணம். இதனோடு வேறொரு குறையும் சேர்கின்றது. வண்டியின் இருக்கை குழந்தையின் தொடையைவிட நீளமானது. முதுகை முழுதும் சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் மடங்க இடமின்றிக் கால்கள் விறைத்து நீண்டிருக்கும். ஆகவே சிறிது நேரத்திற்குள் குழந்தை தானாகவே முன்னோக்கி நழுவி, கூன் விழுந்த நிலையில் அமர்ந்துகொள்கின்றது. அப்போது இடுப்பில் இருந்த பட்டை ஏறி மென்மையான வயிற்றின்மீது படிகின்றது.

அந்நிலையில் விபத்து நேர்ந்தால், பட்டை கல்லீரலையும் மண்ணீரலையும் குடலையும் நசுக்குவதோடு, உடல் அப்பட்டையின்மேல் கத்திபோல மடிவதால் இடுப்புப் பகுதியின் முதுகெலும்பும் பிளந்துவிடக்கூடும். இவ்வகை முறிவை 1948-இல் சான்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் விவரித்தமையால் அதற்குச் சான்ஸ் முறிவு என்றே பெயர் வழங்குகின்றது. 1962-இல் காரெட், பிரான்ஸ்டீன் என்னும் இருவர், பட்டையால் உண்டாகும் இக்காயங்களைத் தொகுத்து 'சீட் பெல்ட் சிண்ட்ரோம்' என்னும் பெயரால் மருத்துவ உலகிற்கு அறிவித்தனர். குழந்தையை மடியில் வைத்துக் கொள்வது இதற்கு மாற்றாகாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் நின்றுவிடுமாயின், 20 கிலோ எடையுள்ள குழந்தை அக்கணத்தில் ஏறத்தாழ 280 கிலோ எடையின் விசையோடு முன்னோக்கிப் பாய்கின்றது. எவ்வளவு அன்புடைய தாயின் கைகளாயினும் அதனைத் தடுத்து நிறுத்துதல் இயலாத காரியம்.

இக்கருவியின் சரித்திரம் பெரும்பாலும் ஸ்வீடன் நாட்டைச் சார்ந்தது. இன்று உலகெங்கும் வழங்கும் மும்முனைப் பட்டையை 1959-இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் அமைத்துக் கொடுத்தார். சிசுக்களைப் பின்னோக்கி அமர்த்தும் ஆசனத்தின் முதல் மாதிரியைப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் 1964-இல் உருவாக்கினார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பருவத்தினருக்கு ஏதும் இல்லாதிருந்த குறையை நீக்க, 1978-இல் வால்வோ நிறுவனமே பூஸ்டர் மெத்தையை வெளியிட்டது. அமெரிக்காவிலோ, 1978-இல் டென்னசி மாநிலம் குழந்தை ஆசனச் சட்டத்தை முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்த பின்னரும், சிசு ஆசனத்தைக் கடந்த பிள்ளைகளின் நிலை நெடுங்காலம் கவனிக்கப்படாமலே கிடந்தது. 1996-இல் வாஷிங்டன் மாநிலத்தில், பெரியவர் பட்டை மட்டுமே அணிந்திருந்த 4 வயதுச் சிறுவன் ஒருவன் வண்டி புரண்டபோது அப்பட்டையினின்றும் வழுவி வெளியே வீசப்பட்டு மாண்டான். அவனுடைய தாயார் துயரத்தில் ஆழ்ந்து ஒதுங்கிவிடாமல் இடைவிடாது முயன்றதன் பயனாக, 2000-இல் அம்மாநிலம் பூஸ்டர் சட்டத்தை இயற்றியது. 2002-இல் நாடு முழுமைக்குமான சட்டமும் அச்சிறுவனின் பெயராலேயே ஆன்டன் சட்டம் என நிறைவேறியது. பின்னிருக்கையின் நடு இடத்திலும் தோள்பட்டையுடன் கூடிய பெல்ட் இருக்க வேண்டுமென்று விதித்ததும் அச்சட்டமே. 2003-இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள், 4 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளில் பூஸ்டரில் அமர்ந்தோர் காயமுறும் வாய்ப்பு, வெறும் பட்டை அணிந்தோரைக் காட்டிலும் நூற்றுக்கு 59 பங்கு குறைவு என்று கண்டனர்.

இனிப் பக்குவத்தை அறியும் முறை. முதற்கண் நோக்க வேண்டியது, குழந்தை தன் ஐந்து முனைப் பட்டை ஆசனத்தின் அளவைக் கடந்துவிட்டதா என்பது. ஆசனத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் அது தாங்கும் எடையும் உயரமும் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க ஆசனங்களிற் பல 65 பவுண்டு, அதாவது சுமார் 29 கிலோ வரை இடங்கொடுப்பவை. ஐக்கிய நாடுகளின் 44-ஆம் ஒழுங்குவிதியைத் தழுவிய பழைய ஐரோப்பிய ஆசனங்களிற் பெரும்பாலானவை 18 கிலோவோடு நின்றுவிடுபவை. எடையை எட்டுமுன்பே உயரம் கடந்துவிடுதலும் உண்டு. முன்னோக்கிய ஆசனத்தில் தோள்வார் புறப்படும் துளை குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்று மேலாகவோ இருத்தல் வேண்டும். மிக மேலேயுள்ள துளையும் தோளுக்குக் கீழே போய்விட்டதானாலும், காதின் மேல்நுனி ஆசனத்தின் முதுகு விளிம்பை எட்டிவிட்டதானாலும், அவ்வாசனத்தின் காலம் முடிந்ததென்று கொள்ளலாம். இவ்வடையாளங்கள் தோன்றுமுன் பிறந்தநாள் ஒன்று வந்து போயிற்று என்பதற்காகப் படி மாற்றுவது தவறு.

பூஸ்டர் செய்வோர் பலர் குறைந்தபட்ச எல்லையாக 4 வயதையும் 40 பவுண்டு, அதாவது 18 கிலோ எடையையும் குறிப்பிடுகின்றனர். சட்டமும் அநேக இடங்களில் அவ்வளவில் அனுமதிக்கின்றது. எனினும் அளவு நிரம்பியதாலேயே பக்குவம் நிரம்பியதாகாது. ஐந்து முனைப் பட்டை குழந்தையை இறுகப் பற்றியிருப்பதால் அதன் ஒழுக்கத்தைப் பொறுத்து எதுவும் மாறுவதில்லை; வண்டியின் மும்முனைப் பட்டையோ சாதாரண வேளைகளில் தாராளமாக நீண்டு கொடுத்து, சடுதியில் வேகம் தடைப்படும்போது மட்டுமே பூட்டிக்கொள்வது. கீழே விழுந்த வண்ணப் பென்சிலை எடுக்கக் குனியும் குழந்தையோடு அதுவும் குனியும். பக்கத்திலிருக்கும் தம்பியோடு மல்லுக்கு நிற்பவனோடு அதுவும் திரும்பும். மோதல் அக்கணத்தில் நேர்ந்தால் பட்டை இருந்தும் இல்லாததற்குச் சமானமே. ஆகவே பயணம் முழுவதும் முதுகு சாய்த்து நேராக அமர்ந்திருக்கவும், கழுத்தில் உறுத்துகிறதென்று தோள்பட்டையைக் கக்கத்தின் கீழோ முதுகின் பின்னோ தள்ளாதிருக்கவும், பித்தானைத் தானே அழுத்தி அவிழ்க்காதிருக்கவும், தாய் தந்தையர் நினைவூட்டாமலே அறிந்த குழந்தைதான் பூஸ்டருக்கு உரிய குழந்தை. இந்த அடக்கம் பெரும்பாலோருக்கு 5 அல்லது 6 வயதிலேயே அமைகின்றது. சிலருக்கு அதற்கும் மேலாகும். அதைக் குறையாகக் கருத வேண்டுவதில்லை. உறக்கத்தையும் மறத்தலாகாது. விழித்திருக்கையில் ஒழுங்காக அமர்ந்திருக்கும் பிள்ளை தூக்கத்தில் பக்கவாட்டில் சரிந்து, தலையும் தோளும் பட்டைக்கு வெளியே தொங்கும்படி கிடப்பானாயின், நெடும்பயணங்களிலேனும் அவன் பழைய ஆசனத்திலேயே இருப்பது உத்தமம்.

குழந்தையைப் போலவே வண்டியும் தகுதி பெற்றிருத்தல் வேண்டும். மடிப்பட்டை மட்டுமே உள்ள இருக்கையில் பூஸ்டரை ஒருபோதும் வைக்கலாகாது. மேலுடல் தடையின்றி முன்னே பாய்ந்து, தலையும் முதுகெலும்பும் பெருங்கேட்டிற்கு உள்ளாகும். பழைய வண்டிகளின் பின்னிருக்கை நடுவிடம் பெரும்பாலும் இத்தகையதே. பூஸ்டரில் முதுகுள்ளது, முதுகில்லாதது என இருவகை உண்டு. வண்டியின் இருக்கை முதுகு தாழ்ந்து, தலைதாங்கி இல்லாதிருந்தால் முதுகுள்ளதே வேண்டும். தோள்பட்டையை நெறிப்படுத்தும் துளையும் உறங்கும் தலைக்குச் சார்பும் அதில் அமைந்திருப்பதால், புதிதாகப் படி மாறும் குழந்தைக்கு எப்போதும் அதனையே தெரிந்தெடுப்பது நலம். பிரிட்டனில் 2017 முதல், புதிதாக அங்கீகாரம் பெறும் முதுகில்லாத பூஸ்டர்கள் 125 செ.மீ. உயரமும் 22 கிலோ எடையும் கடந்தோருக்கே உரியவை. குழந்தை அமராத வேளையிலும் பூஸ்டரைப் பட்டையிட்டே வைக்க வேண்டும். இல்லையேல் மோதலில் அதுவே பறந்து வந்து பிறரைத் தாக்கும்.

பூஸ்டரை விட்டு இறங்கும் காலத்தைத் தேசங்கள் பலவாறு விதித்துள்ளன. ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ.; பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018-இல் வெளியிட்ட நெறிமுறை, பட்டை சரியாகப் பொருந்தும் வரையில் பூஸ்டர் வேண்டுமென்றும், 4 அடி 9 அங்குலம், அதாவது 145 செ.மீ. உயரத்தை எட்டி, 8 முதல் 12 வயதுக்குள் அப்பொருத்தம் வழக்கமாக அமையுமென்றும், 13 வயது நிறையும்வரை பின்னிருக்கையே தகுமென்றும் கூறுகின்றது. பல குழந்தைகள் அவ்வுயரத்தை எட்டுவது 11 வயதை ஒட்டியே. இந்தியாவில் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பாதுகாப்புப் பட்டையாலோ குழந்தைக்கான காப்பு அமைப்பாலோ பிணைக்காது வண்டி ஓட்டுபவருக்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கின்றது. இரண்டில் ஒன்று போதும் என்று அப்பிரிவு விட்டுவிடுவதால், 5 வயதுக் குழந்தைக்குப் பெரியவர் பட்டை மட்டும் போட்டவரும் அதன்படி குற்றவாளி ஆவதில்லை. எது தகுந்தது என்று துணியும் பொறுப்பு முழுவதும் பெற்றோர்மேலேயே விழுகின்றது.

அத்துணிவுக்கு அளவுகோலாக வழங்கும் பரீட்சை எளியது. பூஸ்டர் இன்றிக் குழந்தையை அமர்த்தி, முதுகு இருக்கையில் முழுதும் படிகின்றதா, முழங்கால் இருக்கையின் விளிம்பில் இயல்பாக மடிகின்றதா, மடிப்பட்டை வயிற்றைத் தொடாமல் தொடையின் மேற்பகுதியில் தாழ்ந்து கிடக்கின்றதா, தோள்பட்டை கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே செல்கின்றதா, பயணம் முழுவதும் இந்நிலையிலேயே இருக்க அதனால் இயலுமா என்று நோக்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கேனும் விடை இல்லை என்றால் பூஸ்டர் இன்னும் வேண்டும். இருக்கையின் ஆழமும் பட்டை புறப்படும் இடமும் வண்டிக்கு வண்டி வேறுபடுதலால், தந்தையின் வண்டியில் இப்பரீட்சையில் தேறிய குழந்தை தாத்தாவின் வண்டியில் தேறாமற்போவது உண்டு. ஆதலின் அது வழக்கமாக ஏறும் வண்டிகள் எல்லாவற்றிலும் சோதித்துப் பார்க்கும்வரையில், பூஸ்டரைப் பரண்மேல் ஏற்றிவிடாமல் டிக்கியில் வைத்திருத்தல் வேண்டும்.