விடைக்குப் பின்னால் – 7: நான்கு பேராசிரியர்கள்

இரண்டு பந்துகளும் எந்த நொடியிலாவது ஒரே வேகத்தில் ஓடினவா? சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், டேவிட் ட்ரோபிரிட்ஜும் லிலியன் மெக்டர்மாட்டும் மாணவர்கள் முன் வைத்த இந்தக் கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

ஒரு பந்து சமதளத் தடத்தில் சீராக உருண்டது. பக்கத்துத் தடத்தில் இன்னொன்று வேகமாகக் கிளம்பி அதை முந்தியது. மேடேறத் தளர்ந்து, பிறகு பின்தங்கியது. இந்த இரண்டு சந்திப்புகளுக்கும் நடுவே ஒரு கணத்தில்தான் வேகங்கள் சமம். ஆனால் பலர் சொன்ன விடை, "இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது." தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம் என்று தடுமாறாமல் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்! இடத்தையும் வேகத்தையும் அவர்கள் மனம் ஒன்றாகவே பார்த்தது. பரீட்சைக் கணக்கு எதுவும் இதைக் காட்டிக் கொடுத்திருக்காது. ஒவ்வொருவராக உட்கார வைத்து, பந்தை உருட்டிக் காட்டி, "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று பொறுமையாகக் கேட்டதால்தான் வெளியே வந்தது. 1980இல் கட்டுரையும் வந்தது.

ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் படிக்கும் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் இப்படிப் பேச முடியுமா?

வழி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இப்ராஹிம் ஹல்லூனும் டேவிட் ஹெஸ்டனஸும் முதலில் விடைகளைக் கொடுக்காமல் மாணவர்களையே எழுதச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வந்த தவறான விடைகளைச் சேகரித்தார்கள். பிறகு "சரியான விடையைத் தேர்ந்தெடு" வகை வினாத்தாளில் அவற்றையே சரியான விடையின் அருகில் அடுக்கினார்கள். வழக்கமாகத் தவறான விடைகளை வினாத்தாள் தயாரிப்பவர் கற்பனை செய்வார். இங்கே அவை மாணவர்கள் மனதார நம்பியவை. மேலே எறிந்த பந்தோடு கையின் விசையும் கூடவே போகிறது என்று நம்புகிறவருக்கு, அந்த நம்பிக்கையே ஒரு விடையாக எதிரில் நிற்கும். இயற்பியல் கல்வி ஆய்வின் மிக அழகான கண்டுபிடிப்பு இதுதான் என்பேன். சிலரைத் தனியே அழைத்துப் பேசியும் பார்த்தார்கள். தேர்ந்தெடுத்த விடையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்து வகுப்பறைகள். முதலாண்டு இயற்பியலை நான்கு பேராசிரியர்கள் நடத்தினார்கள். ஒருவர் கருத்துகளின் கட்டமைப்பை விளக்குபவர். ஒருவர் செய்முறைகளால் வகுப்பைக் கட்டிப்போடுபவர். ஒருவர் கணக்குகளைப் போட்டுக் காட்டுபவர். நான்காமவர் புத்தகத்தை ஒட்டியே போனவர். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் அதே தேர்வு.

நான்கு வகுப்புகளிலும் முன்னேற்றம் சொற்பம். ஏறக்குறைய ஒரே அளவு.

1985இல் இது அச்சேறியது. ஆசிரியர்களைக் குறைசொல்லும் முடிவு என்று இதைப் படிப்பது பெரிய அநியாயம். எவ்வளவு நன்றாகச் சொன்னாலும், சொல்வதைக் கேட்டு மட்டும் அந்தப் பழைய நம்பிக்கைகள் அசைவதில்லை என்பதே அது காட்டியது.

1990இல் ஹல்லூன், ஹெஸ்டனஸ் கட்டுரைகள் ஹார்வர்டில் எரிக் மசூரின் கைக்கு வந்தன. மாணவர்களிடம் நல்ல பெயர் எடுத்திருந்த ஆசிரியர் அவர். கனத்த லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும்? இதிலா ஹார்வர்டு மாணவர்கள் தவறுவார்கள்? நம்ப முடியாமல், அதே தேர்வைத் தன் வகுப்பில் வைத்தார்.

வினாத்தாளைப் பார்த்த ஒரு மாணவர் கேட்டார்: "நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுத வேண்டுமா, இல்லை நான் வழக்கமாக நினைக்கிறபடியா?"

விடைத்தாள்கள் இன்னும் திருத்தப்படவில்லை.

(தொடரும்)