கூழும் ரேஷன் அரிசியும்

புன்செய்க் காட்டில் சேரிக்குக் கூலியா கேழ்வரகும் கம்பும்தான் அளந்தாங்க. நெல்லுச்சோறு நல்லநாளைக்கு மட்டும். அதனால்தான் 1967இல் ‘ரூபாய்க்கு ஒரு படி அரிசி’ என்றபோது அது வயிற்றுப்பாடு மட்டுமல்ல, மானமும்கூட. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் விலையில்லா அரிசி. ஆண்டை வீட்டு வாசலில் கையேந்துவது குறைஞ்சது.

ஆனால் ஏரியும் புறம்போக்கும் பறிபோன ஊர்களில் கீரை, நத்தை, நண்டு எல்லாம் தட்டைவிட்டுப் போச்சு. மிஞ்சியது தீட்டிய அரிசி, சீனி, 2007இல் ரேஷனுக்கு வந்த பாமாயில். தீட்டிய அரிசி இரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும். பாமாயில் கெட்ட கொழுப்பைக் கூட்டும், அது இதயக் குழாயை அடைக்கும்.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கேலி செய்யப்பட்ட நம் கம்பு இப்போ கடைகளில் பளபளப்பு பாக்கெட்டில். ‘கூழுக்குத் திரும்பு’ன்னு யாரும் நமக்குப் புத்தி சொல்ல வேண்டாம். அரிசி நம் உரிமை. அதோடு, 2023இல் நீலகிரி, தருமபுரி ரேஷனில் தந்த கேழ்வரகு எல்லா ஊருக்கும் வேணும். ஊர் ஏரியில் சேரிக்கும் பங்கு வேணும்.